ஆஸ்பத்திரிப் பஞ்சும் தட்டைக் கூரையும்

யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கொத்தனாரை வேண்டாம் என்று சொன்னவன் வீட்டிலெல்லாம் ஒரு கதை இருக்கும். எங்கள் வீட்டுக் கதையில் என் மாமனார் இருக்கிறார், மூட்டை மூட்டையாகப் பஞ்சு இருக்கிறது, அறிவு மட்டும் இல்லை.

அப்போது நான் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஞ்சைக் கொஞ்சம் பிய்த்துத் தண்ணீரில் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தண்ணீரைக் குடித்து மூழ்குகிறதோ, அவ்வளவு நல்ல பஞ்சு. நாள் முழுக்க இதே வேலைதான். (இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் மூளையின் அளவு உங்களுக்கு முழுசாகத் தெரியும்.)

மாமனார் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். அத்தை காலமான பிறகு வன்னியம்பட்டியில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கிப்போக, வீடெல்லாம் புகை மூடி, அக்கம்பக்கத்தார் கதவை உடைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி செல்விக்குச் சோறு இறங்கவில்லை. எங்களோடு வந்து இருங்கள் என்றால் அவர் மசியவில்லை. பெண் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவது அவருக்கு மானக்கேடு.

நான்தான் வழி கண்டுபிடித்தேன். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் தனியாக ஓர் அறை, தனி வாசல். அப்போது அது மகள் வீடு ஆகாதல்லவா? அவரும் அரைமனதாகச் சம்மதித்தார். "வந்து பாக்கேன். புடிச்சா இருக்கேன். இல்லன்னா சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிருவேன்."

அறையை நானே கட்டினேன். ஹாலோ பிளாக் சுவர், இரும்புக் குழாய், மேலே தகரம். தகரத்தை ரசமட்டம் வைத்துப் பார்த்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாயாமல் தட்டையாகப் போட்டிருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. உள்ளே போய் நின்றால் இட்லிக் கொப்பரைதான். "இதுக்குள்ள எங்கப்பாவ வச்சா வெந்துருவாக" என்றாள் செல்வி.

தகரத்துக்கு அடியில் பிளைவுட் அடித்து, இரண்டுக்கும் நடுவில் சூடு இறங்காதபடி ஒரு சாமானை அடைக்கச் சொன்னார் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர். அவர் காட்டியது வெள்ளையாக, மெத்துமெத்தென்று இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வெள்ளை மெத்துமெத்துச் சாமான், எங்கள் கம்பெனியில் கழித்துப்போட்ட பஞ்சு. முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து திணி திணியென்று திணித்தேன்.

பொய் சொல்லக் கூடாது, அறை குளிர்ந்தது. டிரங்குப் பெட்டியோடு வந்த மாமனார் கட்டிலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். "பரவால்லயே மாப்ள, நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்றார். செல்வி அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு அவர் படுத்த நேரம், மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கோடை மழை கொட்டித் தீர்த்தது. நான் அறைக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"பாத்தீங்களா மாமா, கொத்தனார் கட்டியிருந்தா இந்நேரம் ஒழுகியிருக்கும்." (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

மழை விட்டது. தட்டையான தகரத்தில் போக இடமில்லாமல் நின்ற தண்ணீர், நான் போட்ட ஸ்க்ரூ ஓட்டைகள் வழியாக நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் பஞ்சு தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. மாமனார் படுத்தபடியே கேட்டார்.

"மாப்ள, அந்தப் பலகை கீழ வருதா, இல்ல கட்டில் மேல போகுதா?"

பார்த்தால், பிளைவுட் நிறைமாதமாக இருந்தது. மனுஷனை எழுப்பி வெளியே அனுப்பியிருக்க வேண்டும். நானோ, "செத்த நேரம் அசையாம இருங்க மாமா" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை வடியவிடலாமென்று திருப்புளியால் லேசாக ஒரு குத்து குத்தினேன்.

அம்புட்டுதான். சத்தம் கேட்டுச் செல்வி ஓடிவந்தபோது கட்டிலில் ஆளையே காணோம். ஈரப் பஞ்சுக் குவியலும் நடுவில் ஒரு மீசையும்தான் தெரிந்தன. மீசை பேசியது.

"பார்டர்ல இருந்தப்பகூட எனக்கு ஒரு கட்டுப் போட்டதில்ல. இங்க வந்த ஒத்த நாள்ல உச்சியிலருந்து உள்ளங்கால் வரைக்கும் போட்டாச்சு."

நல்லவேளை, அடி எதுவும் இல்லை. ஆனால் அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு பெட்டியைத் தூக்கிவிட்டார். "அப்பா இன்னிக்குப் போயிட்டாகன்னா பொறவு வரவே மாட்டாக" என்று செல்வி என் காதருகில் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி, தோட்டத்துக் கூரையை ஒருமுறை பார்த்தார்.

"ஏலே" என்றார். (அதுவரை எனக்கு வாங்க, போங்கதான். அன்றைக்குப் போன மாப்பிள்ளை மரியாதை பிறகு திரும்பவே இல்லை.) "தகரத்துக்கு வாட்டம் வைக்கலையா?"

"வாட்டம்னா என்ன மாமா?"

"தண்ணி ஓடுறதுக்குச் சரிவு." என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார். "ஏட்டி, இவன நம்பியா உன்ன இம்புட்டு நாளா விட்டு வச்சிருந்தேன்? ஏணி எங்க கெடக்கு?"

பெட்டி உள்ளே போனது. தகரத்தை ஒருபக்கம் தூக்கி வாட்டம் வைத்தார், ஓட்டைகளை அடைத்தார், பஞ்சுக்குப் பதில் தெர்மாகோல் வைத்தார். "என்ன, மக வீட்டோட தங்கியாச்சா?" என்று ஊரிலிருந்து யாராவது வந்து கேட்டால், "தங்கலப்பா. கூரை வேலை இன்னும் முடியல, முடிஞ்சதும் கெளம்பிருவேன்" என்பார். வருஷங்கள் போயின. வேலை முடியவில்லை. ஒரு கோடையில் வாஷர் சரியில்லை என்பார், அடுத்ததில் பெயிண்ட் உரிகிறது என்பார்.

ஒருநாள் காலையில் முருங்கைக்கீரை ஒடிக்கத் தோட்டத்துக்குப் போனேன். ஏணியில் நின்றபடி, இறுக்கமாக இருந்த ஒரு ஸ்க்ரூவைச் சுற்றிச் சுற்றித் தளர்த்திக்கொண்டிருந்தார். அவர் என்னைக் கவனிக்கவில்லை. நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். அந்த வாரமே நானாகப் போய், "மாமா, மேக்கு ஓரத்துல ஒழுகுற மாதிரி இருக்கு" என்றேன்.

"அப்பவே நெனச்சேன். நீ எதத்தான் ஒழுங்காப் பாத்த?" என்று ஏணியைத் தேடிப் போனார். முகமெல்லாம் சிரிப்பு.

போன வருஷம் கண்ணை மூடிவிட்டார். மழை பெய்தால் இன்றைக்கும் அந்த அறைக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறேன். மதுரையில் படிக்கிற எங்கள் மகள், லீவு முடிந்த பிறகும் அந்த அறைக் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சே, கெளம்பலையா?" என்று கேட்டால், "கூரை வேலை இன்னும் முடியலப்பா" என்பாள். செல்வி அவளுக்கும் சேர்த்து அரிசி களைவாள்.