தவசி சீவிய அம்பு

காலையில் கருத்தக்கண்ணன் சீவி வைத்துவிட்டுப் போன அம்புக் குச்சி தலை மெலிந்து, வால் தடித்து இருந்தது. உச்சிப் பொழுதில் தோட்டத்திலிருந்து வந்து பார்த்தால் அதைக் காணோம். அந்த இடத்தில் வேறொரு குச்சி, வால் பக்கம் எலிவாலாய் மெலிந்து, வழவழவென்று கிடந்தது. பட்டறை முழுக்க மூக்குப்பொடி வாசனை.

அந்தப் பட்டறையில் பொடி வாசனைக்குச் சொந்தக்காரர் தவசி. அவர் போன பங்குனியிலேயே செத்துப்போயிருந்தார்.

தவசி, கருத்தக்கண்ணனுக்குப் பெரியப்பா மகன். விஜயதசமியன்று கோம்பையில் சாமி குதிரையேறிப் போய் வாழைமரத்தின் மேல் அம்பு போடும். அம்பு வாழையில் தைக்காவிட்டால் அந்த வருஷம் வெள்ளாமை விளங்காது என்று ஊர் நம்பியது. அம்பு சீவித் தருகிறவருக்குப் பரிவட்டம். தவசி இருந்தவரை அம்பும் தப்பியதில்லை, பரிவட்டமும் இந்தப் பக்கம் திரும்பியதில்லை. இந்த வருஷம்தான் கருத்தக்கண்ணன் தலைக்கு வரப்போகிறது. கண்ணாடி முன்னால் துண்டைக் கட்டி ஒத்திகைகூடப் பார்த்துவிட்டான்.

பட்டறை, தவசி வீட்டின் பின்கட்டில் இருந்தது. பலகையில் நீளமாக ஒரு காடி வெட்டியிருந்தது. ஒரு கோடியில் ஆழம், மறுகோடியில் மேடு. குச்சியைக் காடியில் கிடத்தி, மேட்டுப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் மரத்தை இழைப்புளியால் சீவி, உருட்டி உருட்டிவிட்டால் வால் தானாக மெலிந்துவிடும். அவ்வளவுதான் வித்தை. கருத்தக்கண்ணன் குச்சியைத் தலைமாற்றிப் போட்டுச் சீவினான். சொல்லித் தரவும் ஆளில்லை; அம்பு சீவும்போது யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது தவசி போட்ட சட்டம். வீட்டிலும் இப்போது யாரும் இல்லை. தவசியின் பெண்சாதி ராமுத்தாய் மட்டும், புருஷன் செத்து வருஷம் திரும்பாததால், மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பட்டறையின் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு போனான். திரும்பி வந்தபோது உள்ளே இழைப்புளி ஓடும் சத்தம் கேட்டது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. வாசலில் தவசி வளர்த்த நாய். சொந்தக்காரர்களையே ஊர் எல்லை வரை விரட்டும் அந்த நாய், கதவைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

அரைஞாண் முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. ஒரு வழியாகத் திறந்தபோது உள்ளே ஆளில்லை. மரச்சுருள் ஒன்று மட்டும் பலகையிலிருந்து மெதுவாக உருண்டு அவன் காலடியில் விழுந்தது.

செத்தவர் கையால் சீவிய அம்பைச் சாமிக்குக் கொடுத்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, அடுத்த நாள் கருவாட்டுக் குழம்பும் சோறும் ஒரு மட்டை பொடியும் பட்டறையில் படைத்தான்.

"அண்ணே, இத எடுத்துக்கிட்டு நல்லபடியாப் போயிருங்க. அம்ப நான் பாத்துக்கிறேன்."

உச்சிக்குள் குழம்பும் காலி, பொடியும் காலி. அவன் சீவியிருந்த குச்சிகள் மட்டும் அடுப்புக்குத் தோதான நீளத்தில் ஒடிக்கப்பட்டு, ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் புது அம்புகள், ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல.

காய்ச்சலில் படுத்தவன், யார் காதிலும் போடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு மனைவி மொக்கம்மாளிடம் சொன்னான். பொழுது சாய்வதற்குள் கம்பத்துச் சந்தை வரைக்கும் சேதி போய்விட்டது.

ஊர்ப் பெரியவர் ராக்கையா கண்கலங்கிவிட்டார். "செத்தும் சாமிக்கு ஊழியம் பாக்குறாக. பரிவட்டத்த அவுக வீட்டு வாசக்கால்லதேன் கட்டணும்."

பேயைவிட இது பெரிய பயமாக இருந்தது. எல்லாம் தானே சீவியது, காய்ச்சலில் உளறிவிட்டேன் என்று கருத்தக்கண்ணன் சாதித்தான். அப்படியானால் எல்லார் முன்னாலும் சீவிக் காட்டச் சொன்னார்கள். பலகையைத் தூக்கி வந்து மந்தையில் போட்டார்கள். வேர்க்க விறுவிறுக்கச் சீவினான். தலை மெலிந்தது; வால் உலக்கையாய் நின்றது. சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியாமல் கூட்டம் பட்டறைப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பரிவட்டத் துணியோடு ஊரே தவசி வீட்டுக்குப் போனது. கருத்தக்கண்ணன் செத்த முகத்தோடு கடைசியில் நடந்தான். நாய் முன்னால் ஓடிக் கதவைப் பிறாண்டியது.

ராமுத்தாய் கதவைப் பாதி திறந்து நின்றாள். ராக்கையா கைகூப்பி, அவள் புருஷன் ஆவியாய் வந்து அம்பு சீவிக்கொடுத்த அதிசயத்தை விவரித்து, எப்பேர்ப்பட்ட கை அது என்று தழுதழுத்தார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். முந்தானையில் ஒட்டியிருந்த மரச்சுருளைத் தட்டிவிட்டாள். பிறகு இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, ஒரு சிட்டிகை பொடியை எடுத்து உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"செத்த பெறகு வந்து சீவுனாகளா? உசுரோட இருக்கையிலயே அவுக இழைப்புளியத் தொட்டதில்லையே."