எனக்கென்று ஒரு கல்லறை

இந்த வருஷம் மாமனார் கல்லறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

நவம்பர் முதல் தேதி, கல்லறைத் திருநாளன்று, பிலிப்பைன்ஸில் எங்கள் இலோய்லோ ஊரே கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்கும். அவரவர் தங்கள் செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அங்கேயே தின்று, சீட்டாடுவார்கள். எனக்குத்தான் சொந்தமாக ஒரு பிணம்கூடக் கிடையாது. அப்பா கடலோடு போனார். அம்மாவை மணிலாவில் எங்கே புதைத்தார்களோ! கல்யாணமான நாளிலிருந்து மனைவி பூரிங் வீட்டுப் பிணங்களுக்குத்தான் ஈ ஓட்டுகிறேன்.

"பூரிங், என் கொள்ளுத்தாத்தா ஹெர்மோகெனெஸ் இங்கதான் எங்கேயோ படுத்திருக்கார். கண்டுபிடிச்சா, இனி அவர்கிட்டதான் உட்காருவேன். உங்கப்பாகிட்ட வரமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா! அமெரிக்கக்காரன் நம்மளை ஆண்டப்ப, குதிரையில வந்த துரையையே வழிமறிச்ச மனுஷன்டி அவர்!"

"சுருட்டுக்கு நெருப்பு கேட்டிருப்பார்."

மழையில் அலைந்தேன். பாதிக் கல்லறைகளில் எழுத்தே இல்லை. கிழவிகளைக் கேட்டேன். ஒருத்தி தெற்கு மூலை என்றாள். இன்னொருத்தி அப்படி ஒரு ஆளே பிறக்கவில்லை என்றாள். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. செத்தால் என்னைத் தேடி யார் வருவார் என்று அழுதேவிட்டேன். பூரிங் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

திருநாள் காலையில் ஓடிவந்தாள்.

"ஏங்க, தாத்தா கிடைச்சுட்டார்!"

தோட்டத்தின் பின்வாசல் வழியாக இழுத்துப் போனாள். சுவரோரம் ஒரு கல்லறை. நீல எழுத்தில் பளிச்சென்று ஹெர்மோகெனெஸ்! கட்டிப்பிடித்துக் கதறினேன். நிமிர்ந்தால் சட்டையெல்லாம் நீலம்.

"பெயிண்ட் காயலையேடி?"

"மழைக்காலம்ல."

"இது நம்ம வீட்டு கேட்டுக்கு அடிச்ச நீலம்!"

"அமெரிக்கக்காரன் விட்டுட்டுப் போனதா இருக்கும்."

"அடிப்பாவி, இது யாரோ!"

அவள் குரல் இறங்கியது. "யாரோதான். இவருக்கும் யாரும் வர்றதில்ல, உங்களுக்கும் போக இடமில்ல. வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே துடைச்சுடறேன்."

துணியையும் எடுத்துவிட்டாள். நான் துணியைப் பிடுங்கிக்கொண்டேன். யாராயிருந்தால் என்ன, தாத்தா தாத்தாதான்.

"இருக்கட்டும், விடு" என்று சத்தியப்படி அங்கேயே உட்கார்ந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சுவரில் சாய்ந்தேன். பல வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமியார் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, அது எங்க வீட்டுக்காரர் கல்லறையோட பின்சுவர், சாயாதீங்க. இப்பதான் வெள்ளையடிச்சிருக்கு."