கேரட் பாத்தியில் ரோமானியக் காசு

அன்பிற்குரிய ரோட்னி அண்ணனுக்கு, தங்கை ஹிலரி நார்ஃபோக்கிலிருந்து எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் நலம், மழைதான் நிற்கவில்லை. அங்கே அண்ணியின் இடுப்பு வலி குறைந்து, உங்கள் வாய்த்துடுக்கும் சற்று அடங்கியிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

நிற்க. உங்கள் புதையல் தேடுவோர் சங்கத்தார் பதினான்கு பேரும் வரும் ஞாயிறு எங்கள் தோட்டத்தைத் தோண்ட வருவதாகக் கேள்விப்பட்டேன். செயலாளராகிய நீங்கள்தான் தடுக்க வேண்டும். இங்கே புதையலும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. அந்த ரோமானியக் காசுகளைப் புதைத்தவள் நான்தான்.

தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் என் வீட்டுக்காரர் கிளெம் வீட்டில் இருப்பார் என்று நம்பி ஏமாந்தவள் நான். உலோகம் இருந்தால் கத்தும் அந்த நீட்டுக் கருவியும், காதில் ஹெட்போனும், பிளாஸ்க்கில் நான் போட்டுக் கொடுத்த தேநீருமாக, பார்லி அறுத்த வயல் ஒன்று விடாமல் சுற்றிவிட்டு இருட்டிய பிறகு சேறும் சகதியுமாகத் திரும்புவார், வந்ததும் மேசையில் கொட்டி, பல் துலக்கும் பிரஷ்ஷால் (என்னுடையது) தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார், பொத்தான், ஈயக்குண்டு, பீர் மூடி எல்லாவற்றோடும் பேசுவார், என்னிடம் மட்டும் "உப்பு எங்க?" என்பார். போன வருடம் கிடைத்த, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சாக்சன் காலத்துத் தங்க ஊசியைச் சட்டப்படி அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் உங்கள் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு வந்தபோது இரண்டு கிலோ ஏறியிருந்தார். எனக்கு அவர் வேண்டும் அண்ணா. ஞாயிறு மதியம் எதிர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அதற்கு ஏங்கி ஏங்கியே எனக்கு அறுபத்தெட்டு வயதாகிவிட்டது.

அதனால்தான் அவர் இத்தனை வருடமாகக் கண்டெடுத்த ரோமானியக் காசுகளைப் போட்டுவைத்திருக்கும் டப்பாவிலிருந்து தேய்ந்துபோன ஒன்றை எடுத்து, அவர் குளிக்கும் நேரம் பார்த்துக் கேரட் பாத்தியில் புதைத்தேன். எல்லாமே ஒரே மாதிரி பச்சை பிடித்தவைதானே! "என் கம்மல் பாத்தியில விழுந்திடுச்சு, கொஞ்சம் தேடிக் குடுங்களேன்" என்றேன். கம்மல் கிடைக்கவில்லை, காசு கிடைத்தது. பிறகு சனிக்கிழமைதோறும் ஒன்று புதைத்தேன். ஐந்து ஞாயிறாக அவர் வீட்டை விட்டு நகரவில்லை. அவர் தோண்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்குவேன். "நீ இவ்ளோ பேசுவியா ஹிலரி?" என்று கேட்டார். "நாப்பது வருஷமாப் பேசிக்கிட்டுதான் இருக்கேன், உங்க காதுலதான் ஹெட்போன்" என்றேன். எவ்வளவு நாளாயிற்று அவர் அப்படிச் சிரித்து! அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பக்கத்து வீட்டு டெஸ்மண்ட்தான் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து உங்கள் சங்கம் வரை தண்டோரா போட்டுவிட்டார்.

பதினான்கு பேர் சேர்ந்தால் ஒரே பகலில் தோண்டி முடித்துவிடுவார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அவர் மறுபடி வயலுக்குப் போய்விடுவார். உங்கள் காலில் விழுகிறேன் அண்ணா, அவர்களை நிறுத்துங்கள். இவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், உங்களுக்குக் கர்த்தர் நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை ஹிலரி

பின்குறிப்பு: இவரிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியதை மறந்துவிடுங்கள், சங்கத்தாரை மட்டும் நிறுத்திவிடுங்கள். நான் தபால்தலை தேடப் போன நேரத்தில் அவர் இதைப் படித்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அடி பைத்தியமே, முதல் காசுலயே தெரிஞ்சுபோச்சு. அது தொண்ணூத்தெட்டுல சர்ச்சுக்குப் பின்னாடி வயல்ல நான் எடுத்தது. என் காசு எனக்குத் தெரியாதா?" என்றார்.

"அப்புறம் ஏன் அஞ்சு வாரமாத் தோண்டுனீங்க?" என்று கேட்டேன்.

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "இனிமே இன்னும் ஆழமாப் புதை. சீக்கிரம் கிடைச்சிடுது."