கூப்பன் அண்ணையின் பங்கு

கூப்பன் அண்ணையிடம் எங்கள் கணினிச் சேர்வரில் ஒரு விரற்கடை இடம் கூடுதலாகக் கேட்டு வாங்கிய மனிதப்பிறவி கொழும்பில் கிடையாது. இதை நான் வெள்ளவத்தையில் எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் கற்பூரம் கொளுத்திச் சொல்வேன். கொட்டாஞ்சேனையில் அவர் பாடப் போகிற தேவாலயத்திலும் சொல்வேன். கேட்டு வாங்கியவர் இல்லை என்றுதான் சொல்கிறேன். அந்த வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், சாறிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த வீடியோ ஸ்டூடியோவில் வேலை செய்தேன். கலியாணம், சாமத்தியவீடு, முதல் நன்மை, அறுபதாம் கலியாணம் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கிடுகிடுக்கும். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வடையைக் கடிப்போம். எங்கள் எல்லோருடைய வேலையும் போய்ச் சேருகிற பெரிய கணினி, அதாவது சேர்வர், முன்பு சமைக்கிற குசினியாக இருந்த அறையில் இருந்தது. அந்த மாடியிலேயே ஒழுங்காக ஏசி வேலை செய்த ஒரே அறை அதுதான் என்பதால், எங்கள் தயிர்ச் சட்டிகளும் அங்கேதான் இருந்தன.

எங்களுக்கு எதையும் அழிக்கிற பழக்கம் இல்லை. அதற்குக் காரணம் சோம்பல் அல்ல, எங்கள் சனத்தின் சுபாவம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்தார்கள். கலியாணம் இங்கே நடக்கும், சண்டை அங்கே நடக்கும். வீடியோ அனுப்பிச் சில மாதத்தில் ஒரு டெலிபோன் கோல் வரும்.

"பிள்ளை, அந்த மாமி வாற இடமெல்லாம் வெட்டி விடுங்கோ. இனி எங்களுக்கும் அவைக்கும் கதைபேச்சில்லை."

வெட்டுவோம். மாமி குத்துவிளக்குக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தால் குத்துவிளக்கும் சேர்ந்து போகும். அடுத்த வருடம் அதே குரல் மறுபடி வரும்.

"பிள்ளை, மாமியைத் திருப்பிப் போட ஏலுமே? இப்ப நாங்கள் ராசி."

அதனால் ஒவ்வொரு கலியாணத்துக்கும் எங்களிடம் ஒரு கோபப் பிரதியும் ஒரு சமாதானப் பிரதியும் இருந்தன. இரண்டு தரம் கோபித்து இரண்டு தரம் ராசியான குடும்பங்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

சேர்வரில் என் பெயரில் இன்னொன்றும் இருந்தது. என் அக்காவின் கலியாணத்தை எங்கள் ஸ்டூடியோவே எடுத்தது. வெட்டி ஒட்டிய வீடியோவில் அப்பா கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுவார், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. ஆனால் கமராவிலிருந்து இறக்கினபடியே கிடந்த மணிக்கணக்கான படத்தில் அவர் எந்த மூலையிலிருந்தும் எந்த நிமிடமும் வருவார். ஓடுவார், கதிரை தூக்குவார், வராத நேரத்தில் குரல் மட்டும் கேட்கும். அடுத்த வருடம் அவர் போய்விட்டார். அந்தப் படத்தை முழுதாகப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. பார்க்காமல் எந்தத் துண்டை வெட்டுவது, எதை விடுவது? அதனால் அப்படியே வைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சேர்வர் நிரம்பி நின்றது. யாருடைய கணினியிலும் எதையும் சேமிக்க முடியவில்லை. மறுநாள் கொடுக்கவேண்டிய மூன்று கலியாணங்கள் அந்தரத்தில் தொங்கின. அது டொலர் இல்லாமல் நாடு தவித்த காலம். புது ஹாட் டிஸ்க் கப்பலில் வரவில்லை, கடையில் இருந்ததன் விலையைக் கேட்டவர்கள் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்கள். முதலாளி தலையில் கை வைத்தார். கப்பல் ஏஜென்ட் ஒருவரின் ஒஃபிஸில் கணினி பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைத் திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வந்தார்.

வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். மட்டக்குளி பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்பு முகத்தில் இருந்தது. சேர்ட் கொலருக்குள் கைலேஞ்சி, கையில் குடை. முதலில் தயிர்ச் சட்டிகளை வெளியே எடுத்து வரிசையாக வைத்தார். பிறகு எங்களை நிறுத்தி வைத்துக் கொட்டாஞ்சேனைத் தமிழில் பேசினார்.

"உங்க ஃப்ளாட்ல மேல தண்ணித் தாங்கி இருக்குதானே? ஒருத்தர் பைப்பைத் திறந்து விட்டுட்டு டீவி பாத்தா, மத்தவர் சவுக்காரத்தோட நிக்கணும். வெள்ளிக்கிழமை நீங்க எல்லாரும் சவுக்காரத்தோட நின்னீங்க. இனி ஆளுக்கு இவ்வளவுதான்."

என்னோடு வேலை செய்த நிரோஷன் முணுமுணுத்தான். "இது கூப்பன் கடையெல்லோ. குடும்பத்துக்கு இவ்வளவு சீனி, இவ்வளவு மா."

பின்னேரத்துக்குள் பெயர் ஒட்டிவிட்டது. அவருக்குக் கோபமே வரவில்லை. "நல்ல பேர்தானே. கூப்பன் கடையில சீனி எல்லாருக்கும் கிடைச்சிச்சு," என்றார்.

அவர் வைத்த சட்டம் இதுதான். ஆளுக்கு இரண்டு கோடு. முதல் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை, பிறகு ஒரு கிழமை தவணை. தவணைக்குள் குறைக்காவிட்டால் பூட்டு. இரண்டாவது கோடு சுவர். அதில் முட்டினால் அந்த நிமிடமே எல்லாம் நிற்கும். எச்சரிக்கையைக் கணினியே காட்டும், ஆனால் அண்ணைக்குக் கணினியில் நம்பிக்கை இல்லை. பால் விடாத பிளேன்ரீக் கோப்பையோடு வந்து கதிரைக்குப் பின்னால் நின்று, செத்த வீட்டுச் செய்தி சொல்கிற குரலில், "புள்ள, முதல் கோடு தாண்டிட்டீங்க," என்பார். நிரோஷனுக்கு அந்தக் குரல் கனவிலும் கேட்டதாம்.

முதலில் சுவரில் முட்டியவர் முதலாளிதான். வத்தளையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார், அத்திவாரத்திலிருந்து எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருந்தார்.

"இது என்ரை ஒஃபிஸ், என்ரை சேர்வர். எனக்கு ஆர் அளவு வைக்கிறது?"

"தாங்கி உங்கடதான் சேர். தண்ணி எல்லாருக்கும். கொங்கிரீட் காய்றத ரெண்டு மணித்தியாலம் எடுத்து வச்சிருக்கீங்க. அதுல ஒன்னுமே நடக்கல்லயே."

"அதுதானே ஐசே காயிறது."

முதலாளி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் கொங்கிரீட்டை அழித்தார். அழித்த பிறகு அண்ணையைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தேநீர் கொடுத்தார் என்று கேள்வி.

நிரோஷன் புத்திசாலி. தன் கோப்புகளை எல்லாம் வரவேற்பில் இருந்த ஷிரோமியின் கோப்புறைக்குள் கொண்டுபோய் ஒளித்தான். ஷிரோமிக்குக் கடிதம் அடிப்பதைத் தவிர வேலையில்லை, அவள் பங்கு வெறுமையாய்க் கிடந்தது. ஆனால் சேர்வர் அவனைவிடப் புத்திசாலி. கோப்பு எங்கே கிடக்கிறது என்று அது பார்க்காது, யாருடையது என்றுதான் பார்க்கும். எல்லாம் அவன் கணக்கிலேயே விழுந்தது. பிறகு அவன் ஷிரோமியின் பெயரிலேயே உள்ளே போய்ச் சேமிக்கத் தொடங்கினான். கூலி, நாளுக்கு ஒரு மட்டன் ரோல்ஸ். ஒரு மாதத்தில் ஷிரோமியின் கன்னம் பளபளத்தது. அதை வைத்தே அண்ணை பிடித்துவிட்டார்.

"கடிதம் அடிக்கிற புள்ளைக்கு எப்படி அஞ்சு கலியாணம் வந்திச்சு?" என்று கேட்டார். ஷிரோமி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அழுதாள். அன்றே எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றினார். "பங்கை விக்கிறதும் இல்ல, மாத்துறதும் இல்ல, குடுக்கிறதும் இல்ல. அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்கு," என்று சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்தார். கணினிகளில் டிஸ்க் செருகுகிற துளைகளுக்கும் பிளாஸ்டர் ஒட்டினார், வைரஸ் வருமாம்.

அவருக்கும் ஒரு பங்கு இருந்தது. அதில் அவருடைய தேவாலயப் பாடற்குழுவின் ஒத்திகை வீடியோக்கள் இருந்தன. மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்ததும் ஒன்றைப் போடுவார். நடுவில் ஒரு தடித்த குரல் எல்லோருக்கும் அரை அடி பின்னால் வரும். "அது நான்," என்று பெருமையாகச் சொல்வார். நாங்கள் மீன்குழம்பைத் துரிதமாகச் சாப்பிட்டுவிட்டு எழும்பக் கற்றுக்கொண்டோம்.

ஆவணி மாதம், கலியாணங்கள் குவிந்த நேரத்தில், என் முறை வந்தது. முதல் கோட்டைத் தாண்டினேன். தவணையில் என்னென்னவோ அழித்தேன், கோபப் பிரதிகளைக்கூட அழித்தேன், அக்காவின் கலியாணத்தை மட்டும் தொடவில்லை. தவணை முடிந்தது. ரொறன்ரோவுக்குத் திங்கட்கிழமை போகவேண்டிய கலியாணம் பாதியில் நின்றது. முதலாளி வந்தார்.

"வதனி, உம்மடை வீட்டு வீடியோவுக்கு நான் கரண்ட் காசு கட்டுறேல்லை. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை அதை அழியும். இல்லாட்டித் திங்கட்கிழமை வரத் தேவையில்லை."

அவர் கெட்ட மனிதர் அல்ல, அவருக்கும் நெருக்கடி. ஆனால் அந்த வேலை போனால் எங்கள் வீட்டு வாடகைக்கு வேறு வழி இல்லை. டிஸ்க் வாங்க என் ஒரு மாதச் சம்பளம் காணாது. என் போனில் தாலி கட்டுகிற இடம்கூட அடங்காது. அழிப்பதற்கு முன் கொஞ்சம் பார்ப்போம் என்று திறந்தேன். பிளேன்ரீ வாசம் பின்னால் வந்தது.

"யாரு இவர், கதிரை தூக்கிட்டு ஓடுறவர்?"

"அப்பா."

"இப்ப எங்க இருக்கார்?"

"இல்லை அண்ணை. போன வருசம் போயிட்டார்."

திரையில் அப்பா கதிரையை வைத்துவிட்டு நேரே கமராவுக்கு வந்தார். வியர்வையைச் சால்வையால் துடைத்தார். "தம்பி, சாப்பிட்டனீங்களே? கமராவை வைச்சிட்டு வாங்கோ. கலியாணம் எங்கையும் ஓடாது," என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"சாப்பிட்டாச்சு," என்றார் கூப்பன் அண்ணை, திரையைப் பார்த்து.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "இன்னிக்கு ஒன்னையும் அழிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் குசினி அறைக்குள் போனார்.

அரை மணித்தியாலத்தில் என் கணினி சேமிக்கத் தொடங்கியது. ஓடிப்போய்க் கேட்டேன். "கணக்குல ஒரு பிழை, புள்ள. உங்களுக்குக் குறையப் போட்டிருக்கேன்," என்றார். கணக்கில் பிழை விடாத மனிதர் என்று அதுவரை அவரைப் பற்றி நாங்கள் எல்லோரும் சலித்துக்கொண்டிருந்தோம். வந்த சந்தோஷத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. ரொறன்ரோ கலியாணம் நேரத்துக்குப் போனது, என் வேலை தப்பியது, அப்பாவும் தப்பினார்.

அடுத்த கிழமையிலிருந்து மத்தியானங்களில் பாடற்குழு பாடவில்லை. "கடவுள் கண் திறந்திட்டார்," என்றான் நிரோஷன். மீன்குழம்பை ஆறுதலாகச் சாப்பிட்டோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேள்வி வேறு வழியாக வந்தது. ஒருநாள் அண்ணை எல்லோருக்கும் புதிதாக ஏதோ காட்டுவதற்காக எங்களைத் தன் திரைக்கு முன்னால் கூட்டி வைத்தார். ஒரு கோப்பைச் சேமிக்க அழுத்தினார். சேர்வர் மறுத்துவிட்டது. உங்கள் அளவு முடிந்துவிட்டது என்று, எங்களை எல்லாம் அழவைத்த அதே வாசகம் அவருடைய திரையில், அவருடைய பெயரில் வந்தது.

ஒஃபிஸ் திருவிழாவானது. நிரோஷன் ஒரு பிளேன்ரீக் கோப்பையை எடுத்துக்கொண்டு அவருடைய கதிரைக்குப் பின்னால் போய் நின்று, "அண்ணை, கோடு தாண்டிட்டீங்க," என்றான். ஷிரோமி அழுதழுது சிரித்தாள். முதலாளி கேக் வாங்க ஆள் அனுப்பிவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"என்ன ஐசே, உமக்கு இவ்வளவுதான் வைச்சிருக்கிறீரோ? ஷிரோமிக்கே இதைவிடக் கூட."

"எனக்குக் காணும் சேர்," என்றார் அவர். சொல்லும்போது எல்லோரையும் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

கேக் வந்தது. நான் என் துண்டைக் கடிக்காமல் மேசையில் வைத்தேன். தாங்கியில் புதிதாகத் தண்ணீர் ஊறாது என்பதை எங்களுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். எனக்கு வந்தது எங்கிருந்தோ குறைந்திருக்க வேண்டும். எல்லோரும் போன பிறகு குசினி அறை வாசலில் போய் நின்றேன்.

"அண்ணை, உங்கட பாட்டெல்லாம் எங்க?"

"எடுத்துட்டேன்."

"பங்கு குடுக்கிறது இல்லை எண்டு சட்டம் போட்டது நீங்கள்தானே?"

அவர் குடையைத் தேடினார். குடை கையில்தான் இருந்தது. "நாங்க ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாடுறோம், புள்ள. நிப்பாட்டச் சொன்னாலும் நிப்பாட்ட மாட்டோம்," என்றார். "உங்க அப்பா இன்னொரு தரம் வந்து கேக்க மாட்டாரே, சாப்பிட்டீங்களான்னு." பிறகு, கடுமையாக, "இத நிரோஷனுக்குச் சொல்லிடாதீங்க. நாளைக்கே ரோல்ஸோட வந்து நிப்பான்," என்றுவிட்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்.

நான் அவருக்கு அன்று நன்றி சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய்த் தேவாலயத்தின் கடைசி மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடித்த குரல் எல்லோருக்கும் அரை அடி பின்னால் வந்தது. கடைசிவரை எழும்பாமல் இருந்து கேட்டேன்.

இப்போது டிஸ்க் கடைக்குக் கடை கிடைக்கிறது. அண்ணை வேலையை விட்டுவிட்டார், மாதத்துக்கு ஒருதரம் கோல் எடுத்து, "புள்ள, இடம் காணுமா?" என்று மட்டும் கேட்பார். அக்காவின் கலியாணப் படத்தை நான் முழுதாகப் பார்த்தும் முடித்துவிட்டேன். பிரதிகள் என்னிடம், அக்காவிடம், லண்டனில் சித்தப்பாவிடம் எல்லாம் இருக்கின்றன. எங்கே வைத்தாலும் யாருடையது என்றுதான் பார்க்கவேண்டும் என்பது அண்ணையின் சேர்வர் எனக்குப் படிப்பித்தது. அந்தக் கணக்குப்படி என் அப்பா இன்றைக்கும் இருப்பது கூப்பன் அண்ணையின் பங்கில்தான்.