துண்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

செங்கோடன் எட்டு என்று எழுதினார். கம்ப்யூட்டர் மூன்று என்று படித்தது.

"ஏனுங்க தம்பி, உங்க சிலேட்டுக்குக் கண்ணு தெரியாதுங்களா?"

ஈரோட்டு மாட்டுச் சந்தையே சிரித்தது. சேல்ஸ்மேன் அருள்குமார் அவசரமாகத் திரையைத் துடைத்துப் பார்த்தான். தொண்ணூற்றாறாம் வருஷத்தில், பேனாவால் தொட்டு எழுதும் கம்ப்யூட்டரை ஒரு மாட்டு வியாபாரியிடம் விற்க வந்தால் வேறு என்ன ஆகும்? மூன்று மாதமாக ஒன்றுகூடப் போணியாகவில்லை. கோயம்புத்தூர் மேனேஜர் காலையில்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "இன்னைக்கு வெறுங்கையோட வந்தீன்னா, வேலைய மறந்துரு."

"கொஞ்சம் பெருசா எழுதிப் பாருங்க," என்றான் அருள்குமார்.

செங்கோடன் திரை நிறைய எழுதினார். கம்ப்யூட்டர் சரியாகப் படித்துவிட்டது. சுற்றி நின்ற பத்து வியாபாரிகளும் கூடவே படித்தார்கள்.

"அட கெரகமே! எரும வெலைய ஊருக்கே காட்டிப்போட்டீங்களே! இங்க வெலையெல்லாம் துண்டுக்குள்ள வெரலப் புடிச்சுத்தானுங்க பேசறது!"

"அவ்வளவுதானுங்களா? துண்டப் போட்டுப்போடலாமுங்க!"

அவர் தோள் துண்டை வாங்கித் திரையை மூடினான். செங்கோடன் உள்ளே கைவிட்டுத் தடவ, பேனா நழுவிக் கீழே விழுந்தது. பக்கத்தில் நின்ற எருமை குனிந்தது. செங்கோடனின் மனைவி பழனியாத்தாள் அதன் வாயைப் பிளந்து பிடுங்கியபோது பாதிப் பேனாதான் வந்தது.

அருள்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளையாக, நகத்தால் அழுத்தினாலும் எழுதும் என்று பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது.

"பேனாவே வேண்டாமுங்க!" என்று துண்டை விலக்கி, நகத்தாலேயே அந்த எருமையை வரைந்தான். நெற்றியில் ஒரு சுழியும் போட்டான்.

செங்கோடன் கண் விரிந்தது. சுழி பார்க்காமல் எவன் மாடு வாங்குகிறான்?

"ஒவ்வொரு மாட்டுச் சுழியையும் இப்படி வரஞ்சு வெச்சுக்கலாமுங்களா?"

"ஆயிரம் மாடு வரையலாமுங்க!"

"கைய உள்ள குடுங்க தம்பி," என்று செங்கோடன் மறுபடி துண்டைப் போட்டார்.

துண்டுக்குள் நகத்தால் எழுதிப் பழக ஆசைப்படுகிறார் என்று அருள்குமார் குஷியாகக் கையை நீட்டினான். செங்கோடன் அவன் விரல்கள் இரண்டை இறுக்கிப் பிடித்தார். பிறகு சுண்டுவிரலையும் ஒரு அழுத்து அழுத்தினார்.

"சரிங்களா?"

"ரொம்பச் சரிங்க! ஒரே தடவைல புடிச்சுப்போட்டீங்களே!"

"மனசாரத்தானுங்களே? அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மனசாரத்தானுங்க!"

"அப்ப சிலேட்டு நம்மளுதுங்க."

கூட்டம் கைதட்டியது. அருள்குமாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஒரே ஓட்டம்.

"சார், வித்துப்போட்டேன் சார்! மாட்டுச் சந்தையில கம்ப்யூட்டர்!"

"சபாஷ்டா! வெறுங்கையோட வரமாட்டீல்ல?"

"மாட்டவே மாட்டேன் சார்!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தான். ஜெயித்தவன் நடை அது. பழனியாத்தாள் அவனுக்காகவே காத்திருந்தாள்.

"கயித்தப் புடிங்க கண்ணு. துண்டுக்குள்ள பேசுன மாதிரி ரெண்டு வெரலுக்கு ரெண்டு எரும, சுண்டு வெரலுக்கு இந்தக் கன்னு. பேனாவக் கடிச்சது சினையா இருக்குது, கோயமுத்தூரு வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போங்க."