மேல்புறப் பரிசோதனை முகாம்

மருத்துவக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்காமல், புற்றுநோய் யாருக்கு வரலாம், யாருக்கு வரக்கூடாது என்று தீர்மானம் போட்டு ஏகமனதாக நிறைவேற்றிய அலுவலகம் இந்தப் பூமியில் எங்களுடையது ஒன்றுதான். அதில் உதவி மேலாளராகவும் ‘நலவாழ்வுக் குழு’வின் செயலாளராகவும் இருக்கும் பெரும்பேறு எனக்கு வாய்த்திருக்கிறது.

குழுவைத் தோற்றுவித்தவர் எங்கள் மேலாளர். ஏதோ ஒரு கருத்தரங்கில் உடல் எடையைப் பற்றி அரைகுறையாகக் கேட்டுவிட்டு வந்தவர், மறுநாளே குடிநீர் மெஷினை அகற்றி அந்த இடத்தில் எடை மெஷினை வைத்தார். தாகம் தனிநபர் விவகாரம், எடை நிறுவனத்தின் விவகாரம் என்பது அவர் கொள்கை.

கணக்குப் பிரிவில் ஒரு பெண். முப்பதைத் தாண்டியவள், ஒல்லி, நெட்டை. அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேல். அது பாராட்டு. தபால் பிரிவில் இன்னொருத்தி, கொஞ்சம் மூத்தவள். அவள் அகலத்தை முன்னிட்டு அதே அலுவலகம் வைத்த பெயர் பீரோ. அது பாராட்டு அல்ல. ஸ்கேலை ‘ஆரோக்கியத்தின் முகம்’ என்று அறிவித்து அவள் படத்தை லிஃப்ட் பக்கத்தில் மாட்டினார் மேலாளர். பீரோவிடம், லிஃப்டை விட்டுப் படியேறி வரும்படி ‘அன்புடன்’ கேட்டுக்கொண்டார்.

அடுத்து மார்பகப் புற்றுநோய் முகாம். “அந்த வார்த்தையைப் பேனர்ல போட்டா தலைமை அலுவலகத்துல கேள்வி வரும்யா,” என்றார் மேலாளர். நாகரிகம் கருதி ‘மகளிர் மேல்புறப் பரிசோதனை முகாம்’ என்று அச்சடித்தோம். டாக்டருக்கு அரைநாள்தான் நேரம் என்பதால், எடை கூடியவர்களுக்கு மட்டும் டோக்கன் என்று குழு முடிவெடுத்தது. முதல் டோக்கன் பீரோவுக்கு.

முகாமுக்கு முந்தின நாள் ஸ்கேல் என் மேஜைக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சார், எனக்கும் ஒரு டோக்கன் வேணும். ஒரு கட்டி தட்டுப்படுது.”

“எங்கேம்மா?”

“மேல்புறத்துல சார்.”

“மொட்டை மாடியிலயா? பராமரிப்புப் பிரிவுல சொல்லிட்டியா?”

அவள் முகம் சிவந்துவிட்டது. பேனரைச் சுட்டிக் காட்டினாள். எனக்கு விளங்கியது. மனம்விட்டுச் சிரித்தேன்.

“உனக்கு எதுக்கும்மா? நீதான் ஆரோக்கியத்தின் முகம். உன் உடம்புல கட்டி வந்து உட்கார இடம் ஏது?”

அவளும் சிரித்தாள். தன் சீட்டுக்குத் திரும்பிப் போனாள். ஊழியர் நலனைச் சிரித்த முகத்தோடு பேணுவதில் எனக்கு இணை நான்தான்.

சாயங்காலம் பெண்கள் கழிவறையில் அவள் முகத்தைக் கழுவிக் கழுவி நின்றதைப் பீரோ பார்த்திருக்கிறாள். என்னடி என்று கேட்டு, விஷயத்தை வாங்கிவிட்டாள்.

மறுநாள் கூட்ட அறையைத் திரை போட்டு மறைத்து டாக்டரம்மாவை உட்கார வைத்திருந்தோம். முதல் டோக்கனைக் கூப்பிட்டேன். பீரோ வந்தாள், ஸ்கேலின் கையை இறுக்கிப் பிடித்தபடி.

“என் டோக்கன்ல இவ போறா சார்.”

“டோக்கன் மாற்றத்தக்கதல்ல. குழு விதி.”

“நான் வாசல்ல நின்னா வழியே அடைச்சுடும்னு தினமும் சொல்வீங்களே? இதோ நின்னுட்டேன். வர முடிஞ்சா வாங்க. நீ உள்ள போடி.”

குழு முழுவதும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க முயன்று தோற்றது.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். சிரிப்பில்லை.

“இவங்களுக்கு டோக்கன் இல்லைன்னு சொன்னது யாரு?”

“ஒல்லியா இருக்காங்களே டாக்டர்,” என்றார் மேலாளர், பெருமையாக.

“மாதவிடாய் நின்ன பிறகு எடை கூடினா ஆபத்தும் கூடும். சின்ன வயசுல கணக்கு வேற. பருமனா இருக்கிறவங்களுக்குச் சராசரியா கொஞ்சம் குறைவுன்னுகூட ஆய்வுகள் சொல்லுது. அதுக்காக யாரும் குண்டாகவும் வேண்டாம். ஒல்லியா இருந்தா வராதுன்னு நம்பவும் வேண்டாம். கட்டின்னு ஒருத்தி வந்து சொன்னா உடனே காட்டணும். எடை மெஷின்ல ஏத்தி வேடிக்கை பார்க்கக் கூடாது.”

மேலாளர் ஆழ்ந்து சிந்தித்தார். “அப்போ, இளம் பெண்களுக்கு மட்டும் ஒரு எடை கூட்டும் இயக்கம் ஆரம்பிச்சுடலாமா?”

டாக்டரம்மா ஸ்கேலிடம் திரும்பினார். “நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்துடலாம். தனியா வராதீங்க.”

“நான் வரேன்,” என்றாள் பீரோ.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். பரவுவதற்குள் பிடித்துவிட்டார்கள். ஆபரேஷன், பிறகு மருந்து ஏற்றுதல். முடி கொட்டியது. அவள் கணவன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் பெரும்பாலும் கூடப் போனவள் பீரோதான். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஸ்கேல் சொன்னாளாம்:

“அக்கா, அன்னிக்கு நம்ம செயலாளர் சிரிச்சதும் அழுகை ஒரு பக்கம் வந்தாலும், நிம்மதியாவும் இருந்துச்சு. ஒல்லியா இருக்கோம், நமக்கெல்லாம் வராதுன்னு நானே பாதி நம்பிட்டேன். நீ கேட்காம விட்டிருந்தா சும்மாதான் இருந்திருப்பேன்.”

“நான் மட்டும் என்ன, டாக்டருக்காகவா முதல் டோக்கனை வாங்கினேன்? குண்டா இருக்கேன்னு எப்படியும் திட்டுதான் விழும், அதையும் சீக்கிரம் வாங்கிட்டுப் போயிடலாம்னுதான்,” என்றாளாம் பீரோ. இருவரும் சிரித்ததில் நர்ஸ் வந்து அதட்டினாராம்.

சிகிச்சை முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று குழு சார்பில் வரவேற்புக் கூட்டம். தலையில் துணி சுற்றியிருந்தாள். மருந்தின் விளைவோ என்னவோ, உடம்பு நன்றாகப் பூரித்திருந்தது. ‘உரிய நேரத்தில் முகாம் நடத்தி ஓர் உயிரைக் காத்த’ மேலாளருக்கு நான் மாலை அணிவித்தேன். அவர் கண்கலங்கப் பேசினார். கடைசியில் ஸ்கேலைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, தகப்பனின் பரிவோடு சொன்னார்:

“ஒண்ணே ஒண்ணும்மா. கொஞ்சம் சதை போட்டுட்ட. கவனிச்சுக்கணும்.”

அவள் எழுந்தாள். எல்லோரும் கை தட்டத் தயாரானோம்.

“கவனிச்சுக்கறேன் சார். ஆனா உங்க குழுவோட கண்ணைத்தான் பாராட்டணும். கட்டியை நானே வந்து சொல்லியும் தெரியல. சதை மட்டும் சொல்லாமலே தெரியுது.”