நாலு ஸ்க்ரூவும் இரண்டு மெஷின்களும்

பெருநகர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள ஏகாம்பரம் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் தேவயானி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், ஆடுகள் எல்லோரும் நலம். குளியலறைக் கதவு மட்டும் மூன்று மாதமாக நலமில்லாமல் இருந்து இப்போதுதான் தேறியிருக்கிறது. இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியிருக்கலாம். அதில் நாற்பத்தாறு பேர் இருக்கிறார்கள். போனில் சொன்னால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். ஆகவே தபால்.

பழைய தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்த அன்றே அப்பா உத்திரமேரூர் போய்ப் புதியது வாங்கி வந்துவிட்டார். மாட்ட வேண்டியது நாலு ஸ்க்ரூ. துளை போட எந்த மெஷின் நல்லது என்று உங்களிடம் கேட்டதில்தான் வினை தொடங்கியது. பேட்டரி மெஷின்தான் என்று ஒரகடத்திலிருந்து சொன்னீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து சுகுமார் சித்தப்பா, "ஒயரு இருந்தாதாண்ணா அது மெஷினு. பேட்டரி பொம்மை காருக்குப் போடறது" என்றார். அப்பா விடவில்லை. "ஏகாம்பரம் கம்பெனில அத்தினி பேரும் பேட்டரிலதான் வேல செய்றான். அவனுங்கல்லாம் இன்னா பொம்மை காரா செஞ்சிக்கினு கீறானுங்க?" பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீ பிசிக்ஸ் படிச்சிக்கீற. நீயே சொல்லு." கதவும் நிலையும் பிளாஸ்டிக், இதற்கு மெஷினே வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். "கொயந்த, அதுக்கு இன்னா தெரியும்" என்று அதே மூச்சில் சொல்லிவிட்டார் அப்பா.

அப்புறம் நீங்கள் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தீர்கள். பேட்டரிக்கு இருபத்தெட்டு, ஒயருக்குப் பத்து. ஆறு பேர் காலை வணக்கப் பூ அனுப்பினார்கள். மீதி இரண்டு பேர் அந்தக் குளியலறையில் குளிப்பவர்கள். அவர்கள் ஓட்டுப் போடவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் பம்புசெட்டில் குளிப்பது உங்களுக்குத் தெரியும்.

உள்ளே ஆள் இருப்பது தெரிய ஏதாவது சத்தம் கொடுங்கள் என்பது அப்பாவின் ஏற்பாடு. அம்மா இருமினாள். இரண்டு வாரத்தில் நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது. எனக்குப் பாட்டு வராது, வந்தாலும் கூச்சம். பதிமூன்றாம் வாய்ப்பாடு சொன்னேன். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ராணியம்மாள் அக்கா கேட்டார்: "இன்னா பொண்ணே, டெய்லியும் எட்டுப் பதிமூணுல நின்னுட்ற, மூஞ்சிக்குச் சோப்பு போடற எடமா?" அன்று முழுக்க நான் வாசல் பக்கம் போகவில்லை.

நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பேட்டரி மெஷின் வந்தது. அப்பா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். ராத்திரியெல்லாம் சார்ஜ் போட்டு, காலையில் டீக்கடைக்கு எடுத்துப் போனார். ஆளாளுக்கு வாங்கி, வானத்தைப் பார்க்கப் பிடித்து, ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார்கள். வீடு வந்து சேரும்போது பேட்டரி காலி. மறுநாளும் இதே கதைதான். இருபது நாளில் பெருநகர்க் காற்றில் எத்தனையோ துளை விழுந்தது, எங்கள் கதவில் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "நாலு பேரு பாக்கணும் இல்ல" என்கிறார். எனக்கும் அதே கவலைதான் மாமா, நாலு பேர் பார்த்துவிடக் கூடாதே என்று.

இதில் குளிர்ந்துபோன சித்தப்பா தன் ஒயர் மெஷினோடு வந்தார். குளியலறை தோட்டத்துக் கோடியில், பிளக் நடுவீட்டில். நீள ஒயர் பெட்டி சவுண்ட் சர்வீஸ் ஜெகனிடம்தான் உண்டு. அவரோ கல்யாண மாதம் முடிந்த பிறகுதான் தந்தார். அடுப்படி வழியாக, ஆட்டுக் கொட்டகையைச் சுற்றி இழுத்தால், கதவுக்கு மூன்றடி பாக்கி. சித்தப்பா, "மெஷினு கதவாண்ட வரலன்னா இன்னா, கதவை மெஷினாண்ட தூக்கினு போலாம்" என்றார். கழற்றிக் கொண்டுபோய்த் தோட்டத்தில் படுக்கவைத்தார்கள். மெஷினைத் தூக்கினார், கரண்ட் போய்விட்டது. அன்று சாயங்காலம் வரை எங்கள் குளியலறைக்குக் கதவு அம்மாவின் பழைய புடவை. அதற்குள் அப்பா, "பேட்டரியா இருந்தா இந்த பேஜாரே இல்ல" என்கிறார். பேட்டரி மெஷின் அப்போது டீக்கடையில் இருந்தது.

கதவைத் திரும்ப மாட்டிய மறுநாள், போன புதன்கிழமை, அம்மா சோற்றுப் பானையை இறக்கிவிட்டு ஒரு பெரிய ஆணியை இடுக்கியில் பிடித்து அதே அடுப்பில் காய்ச்சினாள். "எம்மாம் நாளைக்குத்தான் இருமிக்கினே குளிக்கிறது." பிளாஸ்டிக்கில் ஆணி வெண்ணெயில் போவதுபோல் போனது. தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவரால் நான் முடுக்கினேன். சோறு வடிவதற்குள் வேலை முடிந்தது. தாழ்ப்பாள் கொஞ்சம் கோணல்தான், ஆனால் விழுகிறது. உங்கள் அக்கா பதினைந்து நிமிடத்தில் செய்ததைக் குரூப்பில் போட வேண்டாம், யாராவது ஓட்டெடுப்பு வைத்துவிடுவார்கள்.

நாலு நாளாகச் சத்தமில்லாமல் குளிக்கிறேன் மாமா. தண்ணீர் விழும் சத்தம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அத்தைக்கு என் வணக்கம். ஸ்ரீகாந்துக்கு அன்பு. உங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாம் நன்றாக மூடி, நன்றாகத் திறக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தேவயானி.

பி.கு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். அப்பாவும் சித்தப்பாவும் மூன்று மாதத்தில் முதல்முறையாக ஒத்துப்போனார்கள். தாழ்ப்பாள் கோணலாக இருப்பது வீட்டுக்கு அசிங்கமாம். உங்கள் மெஷினால் நாலு ஸ்க்ரூவையும் ஒரே மூச்சில் கழற்றிவிட்டார்கள். "கயட்டன ஸ்பீடைப் பாத்தியா" என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. நேராகத் துளை போடப் போனபோது பேட்டரி தீர்ந்தது. சித்தப்பா தன் மெஷினை எடுத்து வந்தார், ஜெகனின் ஒயர் பெட்டி காதுகுத்துக்குப் போயிருக்கிறது. அம்மா மறுபடி இருமுகிறாள். பதிமூன்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று ராணியம்மாள் அக்கா சொன்னதால், நான் நாளையிலிருந்து பதினேழாம் வாய்ப்பாடு.